மீன் பொய் சொல்லுமா

மீன்காரர் என்றதும் தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆயுளில் ஒரு மீனை விற்றதில்லை. வாங்கியதுதான் உண்டு, அதுவும் ஓயாமல். குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் பளபளவென்று முலாம் ஏற்றி அனுப்புகிற தொழிற்சாலை ஒன்று. அதன் பின்புறம், கழிவுநீர் மதிலைத் தாண்டி ஓடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் அலங்கார மீன்கள். அவை உயிரோடு இருப்பதாகக் காட்டுவதுதான் அவருடைய உத்தியோகம். உயிரோடு வைத்திருப்பது அல்ல, காட்டுவது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் தாராளமாக அங்கே மேனேஜராகப் போகலாம்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார். கையில் ஒரு வலைக்கரண்டி, சைக்கிள் பிடியில் தண்ணீரும் மீனுமாக ஊதிக் கட்டிய பிளாஸ்டிக் பை. மல்லாந்து மிதப்பவற்றை அரித்து எடுத்து, மதிலோரச் செடிகளுக்கு அடியில் குழி தோண்டிப் புதைப்பார். பையைத் தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, முடிச்சை அவிழ்த்துப் புது மீன்களை விடுவார். அவை நீந்தத் தொடங்கும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், அவற்றுக்கு என்ன தெரியும். செடிகள் மட்டும் அந்த உரத்தில் தளதளவென்று வளர்ந்து நின்றன. வருகிறவர்கள் எல்லாரும் தோட்டத்தைப் பாராட்டினார்கள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். தொட்டி கட்டிய புதிதில் சுத்திகரிப்பு எந்திரம் ஒழுங்காக ஓடியது. மீன்கள் கொழுத்து, குஞ்சு பொரித்து, குடும்பம் நடத்தின. முதுகு பிடித்துக்கொண்டதால் பம்ப் வேலையை விட்ட இவரைத் தோட்டத்துக்கு மாற்றி, தோட்டத்திலிருந்து தொட்டிக்கு மாற்றினார்கள். கம்பெனியின் ஆண்டு மலரில் 'சமூகப் பொறுப்பு' என்ற பக்கத்தில் மீன்களின் படம் வந்தது. படத்தைப் பார்த்த தலைமை அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? மீனே வாழ்கிற அளவுக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்கும்போது எந்திரத்துக்கு எதற்கு வீண் செலவு என்று கேட்டு, அதற்கு வாங்கும் மருந்தை நிறுத்திவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுவல்லவா. அதற்குப் பிறகு அதிகாரிகளின் ஜீப் வருகிற அன்று மட்டும் எந்திரம் உறுமும். மற்ற நாள்களில் கழிவுநீர் லேசான மஞ்சளாக வரும், மஞ்சளாகப் போகும், மீன் மிதக்கும், இவர் புதைப்பார்.

தொழிற்சாலைக்குள் யாரும் அந்த மண்ணின் தண்ணீரைக் குடிப்பதில்லை. மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் வெளியூரிலிருந்து வரும் கேன் தண்ணீர்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவுக்கு மட்டும் தெருமுனை ஆழ்குழாய். அந்தத் தெருவில்தான் மீன்காரரின் வீடும் இருந்தது. அந்த வீட்டில்தான் அவருடைய ஒரே மகள் இப்போது வந்து தங்கியிருந்தாள், வயிற்றில் ஏழு மாதத்துடன்.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு அப்பா வீடே சௌகரியம் என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கிய அன்று, மீன்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தாயில்லாப் பெண்ணை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவள் வந்ததும் வராததுமாகத் தெருக்குழாயில் ஒரு செம்பு பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தாள். அப்போதுதான் இவருக்கு, மதிலைத் தாண்டிப் போகிற மஞ்சள் தண்ணீர் அந்தக் குழாயிலும் ஊறி வருகிறது என்பது உறைத்தது. அன்று கலங்கிய மனசு பிறகு தெளியவே இல்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய முள் ஒன்று தொண்டையில் சிக்கியிருந்தது. போன கோடைக்கு முந்திய கோடையில் தெருக்காரர்கள் ஒரு பாட்டிலில் மஞ்சள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார்கள். மேனேஜர் வெளியே வரவில்லை, மீன்காரரை அனுப்பினார். தெருக்காரனைத் தெருக்காரனை விட்டே மடக்குவது என்ற கணக்கு. இவரும் எல்லாரையும் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தொட்டியைக் காட்டினார். அன்று காலையில்தான் ஒரு கை நிறையப் புதைத்திருந்தார். புது மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"நல்லாப் பாருங்க. மனுஷன் பொய் சொல்லுவான். மீன் பொய் சொல்லுமா?" என்றார்.

வாயில் எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை. கூட்டம் சிரித்தது, கலைந்தது. அதற்குப் பிறகு அது தெருவில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. கடனைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சத்தியம் செய்தால், நீ என்ன மீனா என்று கேட்பார்கள். மகள்கூடத் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்கப்பா ஒரே வார்த்தையில ஊரையே அடக்கிட்டாரு என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். அலுவலகக் கேனிலிருந்து தினமும் இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இது ஆபீஸ் தண்ணி, தாது உப்பெல்லாம் சேர்த்தது, வயித்துப் பிள்ளைக்கு நல்லதாம், இதை மட்டும்தான் நீ குடிக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். அவளும், சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் பாட்டில்கள் காலியாகக் கவிழ்ந்திருக்கும். அதைப் பார்த்தால்தான் இவருக்கு மூச்சு சீராகும். தான் மட்டும் தெருக்குழாய்த் தண்ணீரையே குடித்தார். இந்தக் கட்டைக்கு இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு, தண்டனை போலவும் ஒரு நினைப்பு.

ஆனாலும் நிம்மதி இல்லை. சோறு வெந்தால் எந்தத் தண்ணீரில் வெந்தது என்று எட்டிப் பார்ப்பார். அவள் வாய் கொப்பளித்தால் விழுங்குகிறாளா என்று பார்ப்பார். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் ஓடுவார். மகளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். உங்களுக்குத்தான் மசக்கை வந்திருக்கு, எனக்கில்லை என்பாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தை எடை கொஞ்சம் குறைச்சலாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். இவர், நல்ல தண்ணீர்தானே குடிக்கிறாள், அப்படியென்றால் இது வேறு ஏதோ காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்டால்தானே.

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் கையிலும் காலிலும் ஆறாத புண். சொறிந்து சொறிந்து ராத்திரியெல்லாம் அழும். சுவர் ஒன்றுதான் என்பதால் அந்த அழுகை மீன்காரரின் தலையணைக்கே வரும். காதைப் பொத்திக்கொண்டு படுப்பார். ஆனால் இந்த ஒரு மாதமாகச் சத்தம் குறைந்திருந்தது. ஒருநாள் அந்தப் பிள்ளை வாசலில் விளையாடும்போது கூப்பிட்டுப் பார்த்தார். புண்ணெல்லாம் காய்ந்து, பக்குத் தட்டிப் போயிருந்தது. மருந்து கேட்டுச்சா என்று தையல்காரியைக் கேட்டதற்கு, மருந்தெல்லாம் நிறுத்தி நாளாச்சுண்ணா, அதுவா ஆறுது என்று சொல்லிவிட்டு, ஏனோ மகள் இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். மீன்காரருக்கு அன்று பெரிய ஆறுதல். தண்ணீர் தானாகவே தெளிந்துகொண்டு வருகிறது, நாம்தான் வீணாகப் பயந்து சாகிறோம் என்று நம்ப ஆரம்பித்தார். மறுநாள் காலையில் தொட்டியில் பாதிக்கு மேல் மிதந்தது. அதையும் புதைத்துவிட்டு அதே நம்பிக்கையுடன் திரும்பி வந்தார்.

இப்படி இருக்கையில்தான் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, அண்ணே, உட்காருங்க என்றார்.

மேனேஜர் யோவ் என்று கூப்பிட்டால் பயமில்லை. அண்ணே என்றால்தான் ஏதோ பெரிய பாறாங்கல் வருகிறது என்று அர்த்தம். விஷயம் இதுதான். தெருவில் மறுபடி முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள்கள் வரப்போகிறார்கள், பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். தொட்டியருகே பந்தல் போட்டுத் தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லார் முன்னிலையிலும் மேனேஜர் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கப் போகிறார். அதோடு தெருவின் வாய் அடைத்துப்போகும்.

மீன்காரர் திகைத்துப் போய், சார், அதக் குடிச்சா என்று இழுத்தார். மேனேஜர் சிரித்தார். எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு என்றார். தொட்டியை முதல் நாளே வடித்து, தேய்த்துக் கழுவி, நகரத்திலிருந்து குடிநீர் லாரி வரவழைத்து நிரப்பிவிட வேண்டும். கழிவுநீர் வரும் குழாயை அன்று மட்டும் அடைத்துவிட வேண்டும். புது மீன் நிறைய வாங்கி விட வேண்டும். இவ்வளவுதான் வேலை. பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோற்றையே மாற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

விழாவுக்கான அழைப்பு அதற்குள் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு இடி. மகள் வாசலில் நின்று தெருப் பெண்களிடம் அளந்துகொண்டிருந்தாள். மேனேஜர் குடிக்கட்டும், அவர் வேண்டுமானால் நடிப்பார். அவர் குடித்த பிறகு நான் குடிக்கிறேன், பிள்ளைத்தாய்ச்சி குடித்தால் அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம், என் அப்பா வளர்க்கிற தொட்டி அது என்று பேசிக்கொண்டிருந்தாள். பெண்களும் அது சரி, அது சரி என்றார்கள். மீன்காரர் அவளை உள்ளே இழுத்து, உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை என்று கடிந்தார். அவளோ, உங்க பேரக் காப்பாத்தத்தாம்பா என்றாள்.

அன்றிரவு அவர் ஒரு கணக்குப் போட்டார். தொட்டியில் இருக்கப்போவது நகரத்துக் குடிநீர். அவள் குடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆக, மகளுக்கு ஆபத்தில்லை. அவளுக்கு ஆபத்தில்லை என்றால் தனக்கு வேறு என்ன கவலை? இப்படிக் கேட்டுக்கொண்டே விடிய விடியப் புரண்டார்.

லாரி முதல் நாள் வரவில்லை. விழா அன்று காலையில்தான் புழுதி பறக்க வந்து நின்றது. மேனேஜர் முன்கூட்டியே லாரிக்காரனிடம் தொலைபேசியில், நானே குடிக்கப் போறேன், மருந்து கொஞ்சம் தாராளமாப் போடு என்று சொல்லி வைத்திருந்தார். லாரிக்காரனும் நல்லவன், தாராளமாகவே போட்டிருந்தான். தொட்டி நிறைய நிறைய, அடி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எந்திரம் நின்ற பிறகு, தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தத் தொட்டியின் அடியை மீன்காரர் பார்த்ததே இல்லை. அவருக்கு ஒரு நிமிடம் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு நாளாவது இந்த ஜீவன்கள் நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று, பைகளை வழக்கம்போல் மிதக்கக்கூட விடாமல், அவசரம் அவசரமாக அவிழ்த்துக் கொட்டினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. மீன் வளர்க்கிறேன் என்று முதன்முதலில் வண்ணமீன் கடைக்குப் போனபோதே கடைக்காரர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். குழாய்த் தண்ணீரில் கிருமி சாக மருந்து போட்டிருப்பார்கள், அதில் நேராக மீனை விட்டால் செவுள் வெந்து செத்துவிடும், ஒரு நாள் வெயிலில் வைத்து வாடை போன பிறகுதான் விட வேண்டும் என்று. எங்க தொட்டிக்கு அந்தப் பாக்கியமெல்லாம் கிடையாதுங்க என்று சிரித்துவிட்டு அன்றே அதை மறந்தவர்தான் இவர். இத்தனை காலமும் கெட்ட தண்ணீரில் மீன் விட்டே பழகிய கை. நல்ல தண்ணீருக்கும் ஒரு பக்குவம் உண்டு என்பது அந்தக் கைக்கு ஞாபகம் வரவில்லை.

பந்தல் நிறைந்தது. தலைமை அலுவலகத்துக்காரர்கள் மெத்தை நாற்காலியில், தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். மகள் முன்வரிசையில் வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் தையல்காரி, மடியில் அந்தச் சின்னப் பெண். பேச்சு ஆரம்பித்தது. பேச்சு என்றால் பேச்சு, முடிவில்லாத பேச்சு. தொழிற்சாலையும் மக்களும் ஒரே குடும்பம் என்று ஒருவர் சொன்னார். இயற்கை நம் தாய் என்று இன்னொருவர் சொன்னார். மீன்காரர் தொட்டியின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் தரை துடைத்த வாடை ஒன்று மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கோ பழகிய வாடை, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வாயை வெளியே நீட்டித் திறந்து மூடின, திறந்து மூடின. முன்வரிசைக் குழந்தைகள், மீன் பேசுது பாரு என்று கைகொட்டிச் சிரித்தன. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது அவர் தலையில் இறங்கியது. வலைக்கரண்டியைத் தேடினார், விழாவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதை யாரோ எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்கள். ஒரு மீன் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. மேனேஜர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தபோது வெள்ளை வயிறுகள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன.

யாரோ ஒரு கிழவர், அடப்பாவிகளா என்றார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஆனால் மேனேஜரைக் குறைத்து எடை போட்டுவிடக் கூடாது. அந்தத் தண்ணீர் சுத்தமானது என்பது அந்தப் பந்தலில் அவருக்கும் மீன்காரருக்கும் மட்டுமே தெரியும். அவர் செத்த மீன்களைக் கையால் விலக்கிவிட்டு, தம்ளரை முக்கி எடுத்து, அண்ணாந்து முழுவதையும் குடித்தார். மருந்தின் காட்டத்தில் கொஞ்சம் புரையேறியது, சமாளித்துக்கொண்டார்.

"மீனுக்கு ஏதோ சீக்கு. கடையிலயே இருந்திருக்கு. தண்ணிக்கு ஒண்ணுமில்ல, பாருங்க, நான் கல்லு மாதிரி நிக்கிறேன்" என்றார். இரண்டாவது தம்ளரை நிரப்பி மகளிடம் நீட்டினார். "நீ குடிக்கிறேன்னு சொன்னியாமே. வாம்மா."

குடிக்காதே, குடிக்காதே என்று பின்வரிசைகள் கத்தின. தையல்காரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மகள் எழுந்து நடந்து வந்து தம்ளரை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

மீன்காரர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். அவள் குடிப்பாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது, தெரு நம்பும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். போய்த் தெருக்குழாயைத் திறந்து குடிப்பார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் குடிக்கும். தலையை ஆட்டடா கிழவா, நல்ல தண்ணீர்தானே, பொய்கூட இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு குரல் பிடுங்கியது. அவர் தலையை ஆட்டவும் செய்தார், லேசாக.

மகள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்:

"மீனு வேணா பொய் சொல்லும். எங்கப்பா சொல்ல மாட்டாரு."

தம்ளர் உதட்டருகே போயிற்று. மீன்காரர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கியதில் பாதி சிந்தியது. மீதியை அவரே ஒரே மூச்சில் குடித்தார்.

"இது நல்ல தண்ணி" என்றார். "இன்னிக்குக் காலையில லாரில வந்த தண்ணி. மருந்து வாடை போகாம நாந்தான் அவசரப்பட்டு மீன விட்டுட்டேன், அதான் செத்துப்போச்சு. நம்ம தண்ணியா இருந்தா ரெண்டு மூணு நாளாவது இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கும். தெனமும் செத்தத எடுத்துப் பொதைச்சுட்டுப் புதுசு விடுவேன். இத்தனை வருஷமும் அதுதான் என் வேல."

யோவ் என்று மேனேஜர் அலறினார். மீன்காரர் மதிலோரம் போய், நட்டு வைத்திருந்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கினார். கொத்தாக மண்ணோடு வந்தது. மண்ணில் முள்ளும் செதிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் விவரிக்க வேண்டுமா? நாற்காலிகள் பறந்தன. தலைமை அலுவலகத்துக் கார்கள் பின்வாசல் வழியாகப் பறந்தன. அந்த மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து மேனேஜரைக் குடிக்கச் சொல் என்று பெண்கள் மறித்துக்கொண்டார்கள். மீன்காரரை அடிக்க வந்தவர்களும் உண்டு, அடி என்று அவரும் நின்றார். கையை ஓங்கிய ஆள், கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போனான்.

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். இவர் உள்ளே போய்க் காலையில் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே நியாயம்.

தான் செய்தது மன்னிக்க முடியாத தப்பு என்றார். வேலை போகட்டும், ஜெயிலுக்கு அனுப்பினாலும் போகட்டும் என்றார். ஆனால் உன்னை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, நீ வந்த மறுநாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், நீ அதை மட்டும்தான் குடித்தாய், உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது என்று பாட்டில்களைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

அவள் பாட்டில்களைப் பார்த்தாள். அடுத்த வீட்டு வாசலில் அந்தச் சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தது. ஆறிய கையை நீட்டி, அக்கா, இன்னிக்குத் தண்ணி பாட்டில் எங்க என்று கேட்டது.

மீன்காரர் அந்தக் கையைப் பார்த்தார். காய்ந்துபோன புண்களைப் பார்த்தார். பாட்டில் அவர் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது.

"அவ புண்ணோட கெடந்து அழுதாப்பா. தாது உப்பு போட்ட தண்ணின்னு சொன்னீங்களா, அவளுக்கு நல்லதுன்னு குடுத்துட்டேன்" என்றாள் மகள். "நான் கொழாத் தண்ணியத்தான் குடிச்சேன். எனக்கு என்ன பயம்? நீங்கதான் மீனக் காட்டினீங்களே."

தெருமுனையில் யாரோ குழாயைத் திறந்தார்கள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. மகள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.